அக்காவின் காது உயரம்

எங்கள் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, கண்ணாடிப் பெட்டி கிடையாது. அக்காவின் இரண்டு காதுகள்தான் கடை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தபால் கட்டடத்து ஹாலில் கைவினைச் சந்தை நடக்கும். நாற்பது மேசைகள். எங்களுடையது பதினேழு, கதவிலிருந்து மூன்றாவது. மற்றவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா மட்டும் முன்னால் வந்து நிற்பாள். இடது காதில் ஒரு தினுசு, வலது காதில் வேறு தினுசு.

"என்னம்மா, தூக்கக் கலக்கத்துல கம்மலை மாத்திப் போட்டுட்டியா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"இல்லக்கா, ரெண்டுல எது நல்லா இருக்குன்னு எனக்கே புரியல. நீங்க சொல்லுங்களேன். நல்லா இருக்கறதை நீங்க எடுத்துக்குங்க, மட்டமானதை நான் போட்டுக்கறேன்."

கேட்டவர் சிரிப்பார். சிரித்தவர் நின்றுவிடுவார். நின்றவர் வெறுங்கையோடு போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. காதிலிருந்து கழற்றி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, ஜோடியைச் சேர்த்து உறையில் போட்டுக் கொடுப்பாள். அதற்குள் நான் மேசைக்குப் பின்னாலிருந்து அடுத்த ஜோடியை நீட்டுவேன். என் கை மட்டும்தான் வெளியே வரும். செய்வது நான், பேசுவது அவள் என்று எங்களுக்குள் ஒருநாளும் பேசி வைத்ததில்லை. அப்படியே அமைந்துவிட்டது.

எனக்குப் பேச்சு வராது என்றில்லை. அக்காவிடம் வாய் ஓயாமல் பேசுவேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால்தான் தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால், பதில் தெரிந்தும் நிற்பேன். "வாயைப் பூட்டிட்டு சாவியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?" என்று கணக்கு டீச்சர் கேட்பார். வகுப்பே சிரிக்கும். ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டேன். யாரும் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் அக்காவுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. பெட்டியை மூடி அதன்மேல் என்னை உட்காரவைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்:

"குட்டி, டேபிள் இருக்கிற வரைக்கும் இந்த ரூம் இருக்கும். டேபிள் போச்சுன்னா ரூமைக் காலி பண்ணிட்டு சித்தி வீட்டுக்குப் போயிடு. சரியா?"

"நான் போகமாட்டேன்."

"அப்போ டேபிளைக் காப்பாத்து. கொஞ்சம் தள்ளி உக்காரு, ஜிப் மாட்டுது."

சித்தி என்பது அம்மா போனபிறகு அப்பா கட்டிக்கொண்டவர். கெட்டவர் இல்லை. அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டு வயது. நான் போனால் கூடத்து மூலையில் ஒரு பாய், காலையில் இரண்டு பால்புட்டி, மத்தியானம் இரண்டு தூளி. குறடு, கம்பி, மணி டப்பா எல்லாம் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும் என்று பரணுக்குப் போகும். அதுதான் நடக்கும் என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் "சரியா?" என்று கேட்டாள்.

*

அக்கா இல்லாத முதல் ஞாயிறு, மேசையில் வெள்ளைப் போர்வையை விரித்து நாற்பத்திரண்டு ஜோடிகளை வரிசையாக அடுக்கினேன். பின்னால் உட்கார்ந்து குனிந்து கொக்கி வளைத்தேன். வந்தவர்கள் போர்வையைப் பார்த்தார்கள், என் உச்சந்தலையைப் பார்த்தார்கள், அடுத்த மேசைக்குப் போனார்கள். நான்கு ஞாயிறுகளில் மூன்று ஜோடிகள் போயின. அதில் ஒன்றை ஒரு குழந்தை கீழே தள்ளி மிதித்துவிட்டதால் அதன் அம்மா வாங்கிக்கொண்டார்.

பதினெட்டாம் மேசை மெழுகுவத்தி மாமாவுடையது. ரோஜா, தாமரை, முட்டை, யானை என்று எல்லா வடிவத்திலும் மெழுகுவத்தி செய்வார். எதையும் யாரும் கொளுத்தமாட்டார்கள் என்பதுதான் அவருடைய குறை. ஐந்தாம் ஞாயிறு அவர் என் போர்வையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாப்பா, இப்படி எல்லாத்தையும் படுக்கப் போட்டா தூங்குதுன்னு நினைச்சு சத்தம் போடாம போயிடுவாங்க. எழுப்பி நிக்க வை."

நான் தலையாட்டினேன்.

"உங்க அக்கா இருந்தா இந்த ஹாலே ஜேஜேன்னு இருக்கும். இப்போ பாரு, எனக்கே கொட்டாவி வருது. நான் ஒண்ணு சொல்லவா? முடியலைன்னா சொல்லிடு. இந்த மேசையை என் மருமக எடுத்துக்கறேன்னு சொல்லுது. சோப்பு செய்யுது."

அதற்கும் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே புரியவில்லை. அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

அப்போதுதான் கிளிப்பம்மா ரவுண்டு வந்தார். ஹாலைப் பார்த்துக்கொள்வது அவர்தான். உடுப்பின் கைப்பட்டையில் வரிசையாகச் சிவப்புத் துணிக் கிளிப்புகள் மாட்டியிருப்பார், அதனால் அந்தப் பெயர், முதுகுக்குப் பின்னால் மட்டும். மேசையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்களால் முன்பு ஏகப்பட்ட திருட்டு. அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். பத்து மணி ரவுண்டில் ஆள் இல்லாத மேசையில் ஒரு சிவப்புக் கிளிப் மாட்டுவார். பன்னிரண்டு மணி ரவுண்டிலும் ஆள் இல்லையென்றால் அடுத்த வாரம் அந்த மேசை வேறொருவருக்கு. காரணம் கேட்கமாட்டார். ஒருமுறை பொம்மைக்காரர் ஒருவர், பல்வலி என்று டாக்டரிடம் போய்விட்டு வந்து, வீங்கிய கன்னத்தைக் காட்டியும் பலிக்கவில்லை. "உங்க பல்லுக்கு நான் டேபிள் குடுக்கல" என்று சொல்லிவிட்டார்.

*

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரர் இரண்டு மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார், ஒன்று கண்ணில், ஒன்று நெற்றியில். நான் உள்ளே போய் அரை மணி நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

"என்ன வேணும்னு சொன்னா எடுத்துத் தருவேன். சொல்லலைன்னா நானும் இப்படியே நிப்பேன். எனக்கு வேற வேலை இல்லை, ஜாக்கிரதை."

விரலை நீட்டிக் காட்டினேன். சுவரில் சாய்ந்திருந்த மூன்று பெரிய படச் சட்டங்கள். ஒன்று அகலம், இரண்டு ஒடுக்கம். படமும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"சட்டமா? உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா."

தலையாட்டினேன்.

"ஒண்ணும் இல்லாததுதான் வேணுமா? சரி. இந்தக் கடையில அதுதான் நிறைய இருக்கு."

பிறகு ஒவ்வொன்றாக நானே பொறுக்கினேன். பழைய ஜன்னல் ஒன்றிலிருந்து பிரித்த கொசுவலைக் கம்பி. ஒரு ஓரம் கிழிந்த வெள்ளைப் பூவேலைத் திரைச்சீலை. அலமாரிக் கீல் நான்கு. கைப்பிடி ஆடுகிற நாலு பக்கத் துருவி. கோப்பை மாட்டும் மரத்தாங்கி, ஆறு கைகளில் ஒன்று ஒடிந்தது. கத்தி கரண்டி போடும் தட்டு. எல்லாவற்றையும் கயிற்றால் கட்டி என் முதுகில் ஏற்றிவிட்டு, "வீடு கட்டப் போறியா?" என்று கேட்டார். கடைக்கு வெளியே வந்தபிறகுதான் "இல்லை" என்று சொன்னேன்.

ஆறு நாள் வேலை. சட்டங்களில் தூசி துடைத்து, உப்புத்தாள் போட்டு, அறைக்கு அடித்ததில் மிஞ்சியிருந்த வெள்ளைப் பெயிண்ட்டை இரண்டு பூச்சு அடித்தேன். கம்பி வலையைச் சட்டத்துக்கு ஏற்றபடி வெட்டி, உள்விளிம்பில் சிறு ஆணிகளால் இறுக்கினேன். கொக்கிக் கம்மல்கள் வலையின் கண்களில் அழகாகப் புகுந்து தொங்கின. ஆனால் வலைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெரிந்தால் கம்மல் எடுபடாது. அதனால் சட்டத்தின் பின்பக்கம் பூவேலைச் சீலையை இழுத்துத் தைத்தேன். மூன்று சட்டங்களையும் கீல் வைத்து மடக்குத் தட்டி போல இணைத்தேன். ஓரத்து இரண்டையும் மேசைக்காலோடு கம்பியால் கட்டிவிடலாம், நடுச்சட்டம் அவற்றுக்கிடையே தொங்கும். துருவியைக் கவிழ்த்து வைத்தால் அதன் ஓட்டைகளில் சின்ன வளையங்கள் இருபது ஜோடி நின்றன. கோப்பைத் தாங்கியில் கைச்சங்கிலிகள். ஒடிந்த கைக்குப் பதில் ஒரு பென்சிலைச் செருகினேன்.

நடுச்சட்டத்தின் மேல்பகுதியில் ஏழு பித்தளைக் கொக்கிகள் வைத்தேன். ஏழு உசத்தியான ஜோடிகளுக்கு. அவை எந்த உயரத்தில் வரவேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் அறைக் கதவு நிலையில் அக்காவின் காது உயரத்துக்கு ஒரு பென்சில் கோடு உண்டு. புதிதாகச் செய்த நீளத் தொங்கல் எவ்வளவு ஆடும் என்று பார்ப்பதற்காக எப்போதோ போட்டது. ஹால் மேசையும் எங்கள் மேசையும் ஒரே உயரம். தட்டியை மேசைமேல் நிறுத்தி, நூல் பிடித்து, கோட்டுக்கு நேராகக் கொக்கிகளைத் திருகினேன். அதற்கு மேலே இன்னும் ஒரு சாண் சட்டம்.

மிச்சம் இருந்தது பேச்சு. அதற்கும் வழி செய்தேன். அக்கா சொல்வதையெல்லாம் சின்ன அட்டைகளில் அழகான எழுத்தில் எழுதி ஒட்டினேன். "தொட்டுப் பார்க்கலாம்." "காது புண்ணாகாது, நிக்கல் இல்லை." "இதே தினுசு சிவப்பிலும் உண்டு." "குளிக்கும்போது கழற்றிவிடவும்." விலையும் எழுதினேன். யாரும் என்னை எதுவும் கேட்க வேண்டியிருக்காது. "உங்கள் முகத்துக்கு இது எடுப்பாக இருக்கும்" என்றும் ஒன்று எழுதினேன். ஒட்டிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். அட்டைக்கு முகம் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. மேசை சுவரோடு ஒட்டியிருந்தது, தட்டி மேசைமேல் நின்றது. அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பஸ் போகும்போதெல்லாம் ஏழு ஜோடியும் ஒன்றாக ஆடின. அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தால் இப்படித்தான் ஆடும்.

*

ஞாயிறு எட்டு மணிக்கே போய் எல்லாவற்றையும் மாட்டிக் கட்டினேன். கதவுப் பக்கத்து வெளிச்சம் நேராக விழுந்தது. மாமா தன் யானைகளை அடுக்குவதை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"அடேயப்பா! இது பாப்பா செஞ்சதா? கல்யாண மேடை மாதிரி இருக்கே!"

அவர் பொட்டலம் பிரிக்கத் திரும்பிப் போனதும் நான் ஓரமாக நுழைந்து, மேசைக்குப் பின்னால் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

என் முன்னால் வெள்ளைச் சீலை. வலப்பக்கம் சீலை, இடப்பக்கம் சீலை, முதுகுக்குச் சுவர். வீட்டில் இந்தத் தட்டிக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. முன்னால் நின்று பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் ஒரு ஆள் உட்கார வேண்டும் என்ற நினைப்பே ஆறு நாளும் வரவில்லை. எழுந்து நின்று பார்த்தேன். அக்கா என்னைவிட அரைத் தலை உயரம். அவள் காதுக்கு மேலே ஒரு சாண் சட்டம் என்றால், என் உச்சந்தலைக்கும் மேலே முக்கால் சாண் மரம் இருந்தது.

சீலை வழியாக எனக்கு வெளியே தெரிந்தது. ஹால் வெளிச்சம், நான் இருட்டு. அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு நான் தெரியமாட்டேன்.

உடனே எழுந்து வெளியே வந்திருக்கலாம். நாற்காலியை மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மணி அடித்துக் கதவு திறந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள். உள்ளபடி சொல்வதென்றால், அந்த முதல் கால் மணி நேரம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வந்தவர்கள் எல்லாருமே நின்றார்கள். அக்கா காலத்தில்கூட இத்தனை பேர் நின்றதில்லை. அட்டைகளை உரக்கப் படித்தார்கள்.

"துருவியில கம்மல் மாட்டியிருக்கா பாருடி!"

"காது புண்ணாகாதாம்."

"எழுத்து எவ்வளவு அழகா இருக்கு. யாருங்க கடை? ஏங்க, ஆள் இருக்கீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். தொண்டையில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு முழம் தூரத்தில் அவர்கள் முகம். இவ்வளவு நேரம் ஒளிந்திருந்துவிட்டு இப்போது திடீரென்று எழுந்தால் பயந்துபோவார்கள், பிறகு சிரிப்பார்கள். சரி, அடுத்தவர் வரட்டும், அப்போது எழுந்துகொள்வோம் என்று நினைத்தேன். அடுத்தவர் வந்தபோதும் அதையே நினைத்தேன். ஒவ்வொருவருக்கும் எழுந்திருப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

வெள்ளைச் செருப்பு போட்ட ஒரு அம்மா தனியாக வந்தார். ஏதோ டியூட்டி முடித்து வருகிற களைப்பு. ஏழு ஜோடியில் நீல உருண்டையை எடுத்துக் காதோரம் வைத்தார். கண்ணாடி தேடினார். நான் கண்ணாடி வைக்கவில்லை. எங்கள் கடையில் எப்போதும் கண்ணாடி இருந்ததில்லை. "அழகா இருக்குக்கா" என்று சொல்ல அக்கா இருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று அந்த அம்மா தட்டியையே கேட்டார். பக்கத்தில் யாரும் இல்லை. கேட்டுவிட்டுத் தனக்குத்தானே லேசாகச் சிரித்துக்கொண்டார். "அதுசரி, உன்னைப் போய்க் கேக்கறேன் பாரு."

எனக்குப் பதில் தெரியும். நீண்ட கழுத்து. உருண்டை அதைக் குட்டையாக்குகிறது. கடைசிக் கொக்கியில் இருக்கும் பச்சைத் தொங்கல்தான் சரி. பதில் நாக்கின்மேல் இருந்தது. அவர் நீலத்தைக் கவனமாக அதே கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குக் கிளிப்பம்மாவின் செருப்புச் சத்தம். நான் எழுந்து நின்றேன். நின்றும் என்ன?

"பதினேழு. ஆள் எங்க?"

"காலைல வந்துச்சும்மா, நான் பார்த்தேன்" என்றது மாமாவின் குரல். "மாட்டி வச்சுட்டு எங்கயோ போயிடுச்சு போல. கூச்சப்படற புள்ள."

"கூச்சப்படறவங்க வீட்டுல இருக்கணும்."

நடுச்சட்டத்தின் மேல்விளிம்பில் டக்கென்று ஒரு சத்தம். சீலை வழியாகச் சிவப்பாக ஒரு நிழல் தெரிந்தது. கிளிப்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் உட்காரவே இல்லை. கிளிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டினால் கைக்குக் கிடைக்கும். எடுத்துவிடலாம்தான். எடுத்து என்ன பயன், கிளிப் போனாலும் ஆள் தெரியாது. சித்தி வீட்டுக் கூடத்தின் அந்த மூலை கண்முன்னே வந்தது, மிதியடி முதற்கொண்டு. பரண், பரணில் என் மணி டப்பா. இரட்டைகளில் ஒன்று எப்போதும் என் தலைமுடியைப் பிடித்து இழுக்கும்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. கிளிப்பம்மா பதினாறில் ஏதோ பேசி முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"இன்னும் வரலையா?"

"வரலை போலிருக்கும்மா" என்றார் மாமா. "காலைலேருந்து கூட்டம் வந்து வந்து போகுது, வியாபாரம் பண்ண ஆளில்லை. பாவமா இருக்கு." பிறகு சற்று இறங்கிய குரலில், "என் மருமக பேரை போன மாசமே குடுத்திருந்தேன்…"

"தெரியும், லிஸ்ட்ல இருக்கு." பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம். காகிதம் புரளும் சத்தம். "பதினேழு…"

நான் அவர்களைக் கூப்பிட நினைத்தேன், குரல் வரவில்லை. ஆனால் என் கையில் குறடு இருந்தது. அது எப்போதும் இருக்கும். நடுச்சட்டத்தின் வலப்பக்கக் கீல் இரண்டும் என் மூக்குக்கு நேரே இருந்தன. மேல் கீலின் ஊசியைக் குறட்டால் பிடித்து உருவினேன். கீழ்க் கீல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்தேன்.

நடுச்சட்டம் கதவு மாதிரி வெளிப்பக்கம் திறந்துகொண்டு போனது. துருவி உருண்டு கடகடவென்று தரையில் விழுந்தது. இருபது ஜோடி வளையங்கள் மூன்று மேசை தூரம் ஓடின.

"ஐயோ!" என்று மாமா ஒரு மெழுகு யானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கிளிப்பம்மா அசையவில்லை. பேனா காகிதத்தின் மேல் நின்றிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பின்னால் பாதி ஹால் திரும்பிப் பார்த்தது.

"இருக்கேன்" என்றேன்.

"என்ன?"

"இருக்கேம்மா. காலைலேருந்து இங்கதான் இருக்கேன்."

"பத்து மணிக்கு?"

"நின்னுட்டுதான் இருந்தேன்."

அவர் தட்டியின் உயரத்தைப் பார்த்தார், என் உயரத்தைப் பார்த்தார். எட்டி வந்து உள்ளே தலையை நீட்டி நாற்காலியையும் சுவரையும் பார்த்தார். மாமா பக்கம் திரும்பினார். மாமா யானையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதை யாரு கட்டினது?"

"நான்தான்."

"உன்னை நீயே உள்ள வச்சுக் கட்டிக்கிட்டியா?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். இத்தனை வருடமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அதே சிரிப்புதான். காது சுட்டது. தலை குனியவில்லை. குனிந்தாலும் பயனில்லை, அதுதான் கதவைத் திறந்தாயிற்றே.

அவர் கிளிப்பைக் கழற்றித் தன் கைப்பட்டையில் மாட்டிக்கொண்டார். "பன்னெண்டு மணிக்கு ஆள் இருக்கு. சட்டம் அவ்வளவுதான் சொல்லுது. ஆனா அடுத்த வாரம் நான் வரும்போது எனக்கு மூஞ்சி தெரியணும். துணிக்கு நான் டேபிள் குடுக்கல."

அவர் போனதும் நான் தரையில் உட்கார்ந்து வளையங்களைப் பொறுக்கினேன். மாமாவும் முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே குனிந்து நான்கைந்து எடுத்துக் கொடுத்தார்.

"சத்தியமா நான் பார்க்கலை பாப்பா. நம்பு."

அவர் காலையில் ஒருமுறை தீப்பெட்டி தேடிக்கொண்டு என் பக்கம் எட்டிப் பார்த்தது போல எனக்கு ஒரு ஞாபகம். அது உண்மையா, நின்ற அசதியில் தோன்றியதா என்று சொல்லமுடியவில்லை. "சரி மாமா" என்றேன். அவரிடம் நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும், தன் யானைகளிடம் திரும்பிப் போனார்.

ஒரு மணி சுமாருக்கு வெள்ளைச் செருப்பு அம்மா பையில் ரொட்டியோடு திரும்ப வந்தார். திறந்திருந்த சட்டத்தைப் பார்த்தார், அதற்குள் தெரிந்த என்னைப் பார்த்தார்.

"ஆள் வந்தாச்சா? அந்த நீலத்தை எடுங்க. காலைலேருந்து மனசுல ஓடிட்டே இருக்கு."

எடுத்துக் கொடுத்தேன். காதோரம் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இல்லை" என்றேன்.

அக்கா இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அந்த அம்மா கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பச்சைத் தொங்கலை எடுத்து நீட்டினேன். "இது. உங்களுக்குக் கழுத்து நீளம். இது… இது கீழ வரைக்கும் வரும்."

மாட்டிக்கொண்டார். கண்ணாடி இல்லாததால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. நான் பார்த்தேன். இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், அக்காவைத் தவிர வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. கன்னத்தில் முகக்கவசத்தின் தடம். தொங்கல் லேசாக ஆடியது.

"இதான்" என்றேன்.

"போட்டுட்டே போறேன்" என்றார். "வீட்டுல பார்க்க யாரும் இல்லை. பஸ்ல நாலு பேராவது பார்க்கட்டும்."

*

அக்கா புதன்கிழமைகளில், மத்தியான இடைவேளையில் கூப்பிடுவாள். பின்னால் சலவை யந்திரங்களின் இரைச்சல் கேட்கும். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். துருவி உருண்ட இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

"உன்னை நீயே… ஐயோ குட்டி, முடியல. அப்புறம்? கிளிப்பம்மா எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க. டேபிள் இருக்கு."

"அப்பாடா!" என்றாள். நீளமாக மூச்சு விட்டாள். "இப்போதான் எனக்கு உயிரே வந்துச்சு. நான் உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு வாரமா முழுங்கிட்டு இருந்தேன். இங்க என்னை நிரந்தரமாக்கறாங்க, குட்டி. குவார்ட்டர்ஸ் குடுக்கறாங்க. நீ சமாளிக்கலைன்னா வேலையை விட்டுட்டு வந்துடறதுன்னு இருந்தேன்."

நான் அவளுடைய கட்டிலைப் பார்த்தேன்.

"ஹலோ? கேக்குதா?"

"கேக்குது."

"டேபிள் இன்னும் என் பேர்லதானே இருக்கு? இந்த ஞாயிறு கிளிப்பம்மாகிட்ட சொல்லி உன் பேருக்கு மாத்திடு. சரியா? நீயே வாய் திறந்து சொல்லணும். என்னை போன்ல பேசச் சொல்லாத."

"சரி."

"சந்தோஷமா இல்லையா? ரூம் இருக்கு, சித்தி வீடு இல்லை."

"சந்தோஷம்தான்" என்றேன். அது பொய் இல்லை. பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். யந்திரம் ஒன்று நின்றது, வேறொன்று ஓட ஆரம்பித்தது. அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள்.

நடுச்சட்டம் அக்காவின் கட்டில்மேல் சாய்ந்திருந்தது. அதன் மேல்பகுதியை அறுத்துவிடுவது என்று ஞாயிறே முடிவு செய்திருந்தேன். எங்கே அறுப்பது என்று பார்க்கக் கதவு நிலையிடம் போனேன். அக்காவின் கோடு என் கண்ணுக்கும் மேலே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை மரத்தோடு ஒட்டி நின்று, என் காது எங்கே வருகிறது என்று பென்சிலால் தடவிப் பார்த்தேன். ஆள் இல்லாமல் இதைச் செய்வது லேசில்லை. திரும்பிப் பார்த்தால் கோடு சரிந்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. மறுபடி நின்றேன். இந்தமுறை அது முதல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே வந்தது. மூன்றாம் தடவை, தலை அசையாமல் இருக்க அதன்மேல் கத்தி கரண்டித் தட்டைக் கவிழ்த்து வைத்து, நேராக நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதருகே போட்டேன்.

மூன்றில் எது சரி என்று சொல்ல யாரும் இல்லை. நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, ஏழு கொக்கிகளையும் ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்ற ஆரம்பித்தேன்.